குறிப்பேடு இல்லாத அமைச்சரவை: லண்டன், 1914 ஜூலை



முதல் உலகப் போரின் காரணங்களை வகுப்பில் சொல்லத் தொடங்கினால் கூட்டணிகள், காலனிகள், ஆயுதப் போட்டி, பால்கன் தேசியம் என்று வரிசையாக வரும். எல்லாம் சரியான காரணங்களே. ஆனால் இன்று வேறொரு வாசல் வழியாக உங்களை அழைத்துப் போகிறேன். 1914 ஜூலையில் பிரிட்டனை ஆண்டவர்கள் யார் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள், சனிக்கிழமை எங்கே போனார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று பார்க்கப் போகிறோம். இதெல்லாம் சில்லறைச் சங்கதி என்று ஒதுக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆட்சி நடந்ததே இந்த அன்றாட வாழ்க்கைக்குள்தான். சாப்பாட்டு மேசையையும் சீட்டாட்டத்தையும் தபாலையும் நீக்கிவிட்டால், பிரிட்டன் போருக்குள் போன முடிவு எப்படி உருவானது என்று சொல்ல நம்மிடம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

ஏன் என்று சொல்கிறேன். 1916 டிசம்பர் வரை பிரிட்டிஷ் அமைச்சரவைக்குக் குறிப்பேடு கிடையாது. கூட்ட அறைக்குள் செயலாளர் இருக்கமாட்டார். யார் என்ன சொன்னார் என்று எழுதுவோர் இல்லை. கூட்டம் முடிந்ததும் பிரதமர் தம் கைப்பட மன்னருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அரசின் பதிவு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். உலகின் கால்பங்கு நிலத்தை ஆண்ட பேரரசு, இருபது பேர் அளவிலான ஒரு குழுவின் நினைவாற்றலை நம்பி நடந்தது. ஆகவே அந்த நாட்களில் அமைச்சரவையில் என்ன நடந்தது என்று அறிய நாம் எங்கே போகிறோம்? அமைச்சர்களில் ஒருவரான ஹெர்பர்ட் சாமுவேல் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களுக்குப் போகிறோம். இன்னொரு அமைச்சர் ஜாக் பீஸ் வைத்திருந்த நாட்குறிப்புக்குப் போகிறோம். லூயிஸ் ஹார்கோர்ட் கூட்டத்தில் குறித்துவைத்த தாள்களுக்குப் போகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதமர் ஆஸ்குவித் வெனிஷியா ஸ்டான்லி என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்களுக்குப் போகிறோம்.

ஆஸ்குவித்துக்கு அப்போது வயது 61. 1908 முதல் பிரதமர். வெனிஷியாவுக்கு 26. ஆஸ்குவித்தின் மகள் வயலட்டின் தோழி. லிபரல் பிரபு குடும்பத்துப் பெண். 1912 முதல் 1915 வரை அவர் அவளுக்கு எழுதியவை ஐந்நூறுக்கும் மேல். சில நாட்களில் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகப் போயின. அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியவையும் உண்டு. வெளியுறவு அலுவலகத்தின் ரகசியத் தந்திகளைக்கூடச் சாதாரணத் தபாலில் சேர்த்து அனுப்பினார். அன்புக்காக ஏங்கும் ஒரு முதியவரின் வரிகளும் படை நகர்வும் கட்சிக் கணக்கும் ஒரே தாளில் கலந்து கிடக்கின்றன. அவள் எழுதிய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இவருடையவற்றை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். 1982இல் மைக்கேல் பிராக், எலினோர் பிராக் தம்பதி அவற்றைப் பதிப்பித்தார்கள். அந்தத் தொகுப்பைப் படித்த பிறகு, 1914ஐப் பற்றிய வேறு எந்த நூலையும் பழைய மாதிரி என்னால் படிக்க முடியவில்லை.

நாட்டை ஆண்ட அந்த வட்டத்தின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டவுனிங் தெரு, வெளியுறவு அலுவலகம், கடற்படைத் தலைமையகம், நாடாளுமன்றம், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாமே நடந்துபோகும் தொலைவு. ஆண்களில் பெரும்பாலோர் சில பள்ளிகளிலும் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிலும் ஒன்றாகப் படித்தவர்கள். அமைச்சர்களில் லாயிட் ஜார்ஜும் ஜான் பர்ன்ஸும் அந்த வழியாக வராதவர்கள், அவர்கள் விதிவிலக்கு. உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் என்பதே 1911இல்தான் வந்தது. அதுவரை சொந்தச் சொத்தோ தொழிற்சங்கப் பணமோ இல்லாதவருக்கு அரசியல் எட்டாத கனி. மே முதல் ஜூலை வரை லண்டனில் விருந்தும் நடனமும் குதிரைப் பந்தயமுமாக ஒரு பருவம். ஆகஸ்டு பிறந்தால் எல்லாரும் ஸ்காட்லாந்துக்கோ கடற்கரைக்கோ போய்விடுவார்கள். நாடாளுமன்றத்தின் கால அட்டவணையும் ஏறத்தாழ அதை ஒட்டியே ஓடியது.

இந்த வாழ்க்கையை நடத்திக்கொடுத்தவர்கள் இரு சாரார். ஒரு சாரார் வேலையாட்கள். 1911 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுவேலை செய்த பெண்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். காலையில் கணப்பை மூட்டுவது தொடங்கி நள்ளிரவில் திரும்பும் துரைக்குக் கதவு திறப்பது வரை அவர்கள் பொறுப்பு. இன்னொரு சாரார் அந்த வட்டத்துப் பெண்கள். ஓட்டுரிமை அவர்களுக்கு இல்லை. காமன்ஸ் சபையில் பெண்கள் உட்காரும் மாடத்தின் முன்னால் கம்பி வலை அடித்திருந்தது. 1917 வரை அதை எடுக்கவில்லை. வலைக்குப் பின்னால் இருந்து விவாதம் கேட்ட அதே பெண்கள், இரவு விருந்தில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று முடிவுசெய்து ஓர் அமைச்சரின் எதிர்காலத்தை ஏற்றவும் இறக்கவும் செய்தார்கள். பிரதமரின் மனைவி மார்கோ ஆஸ்குவித் அந்தக் கலையில் தேர்ந்தவர். வெளிப்படையாகப் பேசுவார், நாட்குறிப்பில் அதைவிட வெளிப்படையாக எழுதுவார்.

1914 வசந்தத்தில் இந்த வட்டமே இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்தது ஜெர்மனி அல்ல, அயர்லாந்து. அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவை லிபரல் அரசு நிறைவேற்றும் தறுவாயில் இருந்தது. அல்ஸ்டர் புராட்டஸ்டன்டுகள் ஆயுதம் ஏந்தி எதிர்ப்போம் என்றார்கள். கன்சர்வேட்டிவ் தலைமை அவர்களுக்கு ஊக்கம் தந்தது. மார்ச்சில் கரா முகாமில் குதிரைப்படை அதிகாரிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், அல்ஸ்டருக்கு எதிராகப் போகச் சொன்னால் வேலையை விட்டுவிடுவோம் என்று அறிவித்தார்கள். அந்தக் குழப்பத்தில் போர்த்துறை அமைச்சர் பதவி விலக, அந்தத் துறையையும் ஆஸ்குவித் தாமே எடுத்துக்கொண்டார். இதைக் கவனியுங்கள்: உலகப் போர் வந்து கதவைத் தட்டியபோது பிரிட்டனுக்கென்று தனியே ஒரு போர்த்துறை அமைச்சர் இல்லை. ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் அல்ஸ்டர் தொண்டர்களுக்காக ஜெர்மனியிலிருந்து வாங்கிய ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகள் இரவோடு இரவாக இறங்கின. நண்பர்களாக இருந்த குடும்பங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்தின. சில கன்சர்வேட்டிவ் மாளிகைகளின் அழைப்புப் பட்டியலிலிருந்து லிபரல் அமைச்சர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

ஆகவே ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட செய்தி வந்தபோது, அந்த வட்டம் அனுதாபம் தெரிவித்துவிட்டு மறுபடி அயர்லாந்துக்கே திரும்பியது. அலட்சியம் என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்நாட்டுப் போர் வாசலில் நிற்கிறது என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. ஜெர்மனியுடன் உறவும் சீராகத்தான் தெரிந்தது. கொலை நடந்த அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் கடற்படையின் விருந்தினராக நின்றிருந்தன. ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கி லண்டன் விருந்துகளில் எல்லாருக்கும் பிடித்தவர். ஜூனில்தான் ஆக்ஸ்ஃபர்டு அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்திருந்தது. ஜூலை 23 அன்று நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் காமன்ஸ் சபையில், ஜெர்மனியுடனான உறவு சில ஆண்டுகளுக்கு முன்னிருந்ததைவிட வெகுவாகத் தேறியிருக்கிறது என்று பேசினார். அன்று மாலை ஆறு மணிக்குத்தான் செர்பியாவிடம் ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

மறுநாள் 24, வெள்ளிக்கிழமை. பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் கூட்டிய அயர்லாந்து மாநாடு அன்று முறிந்தது. பிற்பகல் அமைச்சரவை கூடியது. ஃபெர்மனா, டைரோன் ஆகிய இரு மாவட்டங்களில் எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தை விரித்து வெகுநேரம் வாதாடினார்கள். கிளம்பும் நேரத்தில் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, அமைதியான குரலில், ஆஸ்திரியாவின் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கினார். சில நிமிடம் கழித்துத்தான் சொற்களின் கனம் உறைத்தது என்று கடற்படை அமைச்சர் சர்ச்சில் பின்னாளில் எழுதினார். ஒரு மாத காலத்தில் ஐரோப்பிய விவகாரம் அந்த மேசைக்கு வந்தது அப்போதுதான். அன்று ஆஸ்குவித் வெனிஷியாவுக்கு எழுதியபோது, பெரும் போர் கண்ணுக்குத் தெரிகிறது, நல்லவேளை நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிடலாம் என்ற பொருள்பட எழுதினார்.

பிறகு வார இறுதி. ஐரோப்பாவின் கதி தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சனி, ஞாயிறில் யார் எங்கே இருந்தார்கள்? கிரே ஹாம்ப்ஷயரில் இட்சன் ஆற்றங்கரையில் தம் சிறு குடிசைக்குப் போனார். மனைவியை இழந்தவர், கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது, ட்ரவுட் மீன் பிடிப்பதும் பறவைகளைக் கேட்பதுமே அவருக்கு மிஞ்சியிருந்த ஆறுதல். ஆஸ்குவித் தேம்ஸ் கரையில் சட்டன் கோர்ட்னி கிராமத்தில் இருந்த வீட்டில். சர்ச்சில் நார்ஃபோக் கடற்கரையில் மனைவி மக்களுடன்; ஞாயிறு காலை, கடலுக்கு ஓடும் சிற்றோடைகளைக் குழந்தைகளோடு சேர்ந்து மணலால் அணைகட்டி மறித்துக்கொண்டிருந்தார். நடுவில் போய் லண்டனில் கடற்படைத் தளபதி லூயிஸ் பாட்டன்பர்க் இளவரசரோடு தொலைபேசியில் பேசினார். போர்ட்லாந்தில் கூடியிருந்த கப்பல்கள் திங்கட்கிழமை கலைந்து போக வேண்டியவை. கலைய வேண்டாம் என்ற ஆணை அன்று மாலை நான்கு மணி அளவில் பாட்டன்பர்க் கையால் போனது. இரவு லண்டன் திரும்பிய சர்ச்சில் அதை முழுமனதாக ஏற்றார். அந்த வாரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகப் பயனுள்ள இதை அமைச்சரவை கூடி எடுக்கவில்லை. ஊரில் தங்கியிருந்த ஒரே ஒருவர் எடுத்தார்.

அதே ஞாயிறு காலை, காவ்ஸ் துறைமுகத்தில் படகுப் பந்தயத்துக்காக வந்திருந்த ஜெர்மன் பேரரசரின் தம்பி ஹென்றி, ஊருக்குத் திரும்பும் வழியில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைப் பார்த்தார். இருவரும் உறவினர்கள். இதில் சிக்காமல் இருக்கவே பார்ப்போம் என்ற வகையில் மன்னர் ஏதோ சொல்ல, பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்று அது பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மன்னர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று ஜெர்மன் பேரரசர் வில்லியம் அதைப் பிடித்துக்கொண்டார். குடும்பப் பேச்சு அரசுச் செய்தியாக மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே டப்ளினில், துப்பாக்கி இறக்கிய தேசியத் தொண்டர்களைத் தடுக்கப் போய்த் திரும்பிய படையினர் கூட்டத்தின்மீது சுட்டு மூவர் இறந்தார்கள். திங்களன்று காமன்ஸ் சபை கொதித்தது அதற்காக.

அடுத்த நாட்களில் போரை முதலில் உணர்ந்தது நிதிச் சந்தை. ஜூலை 31 அன்று பங்குச் சந்தை மூடப்பட்டது. ஆகஸ்டு 1 அன்று இங்கிலாந்து வங்கி வட்டி விகிதத்தைப் பத்து சதவீதமாக்கியது. நோட்டைக் கொடுத்துத் தங்கக் காசு வாங்க வங்கி வாசலில் வரிசை நின்றது. வழக்கமான ஆகஸ்டு வங்கி விடுமுறையை 6ஆம் தேதி வரை நீட்டி, அவசரமாக ஒரு பவுண்டு, பத்து ஷில்லிங் நோட்டு அச்சடித்துத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள்.

ஜூலை 31, வெள்ளி இரவில் நடந்த ஒரு காட்சியை ஆஸ்குவித்தின் கடிதம் அருகிலிருந்து காட்டுகிறது. ரஷ்யாவின் ஜாருக்கு மன்னர் பெயரில் சொந்தத் தந்தி அனுப்பினால் படைதிரட்டலை நிறுத்தலாம் என்று ஒரு நம்பிக்கை. நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரதமர் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அரண்மனைக்குப் போகிறார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மன்னர், இரவு உடையின்மேல் பழுப்பு நிற அங்கியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்து, பிரதமர் வாசித்ததைக் கேட்கிறார். அன்பான ஒரு விளிச்சொல்லை மேலேயும் கையெழுத்தைக் கீழேயும் சேர்க்கிறார். தந்தி போகிறது. அதனால் எந்தப் பயனும் விளையவில்லை. உறவினருக்கு உறவினர் எழுதினால் தீரும் என்ற பழக்கத்தின் வரம்பு அங்கே தெரிந்துபோயிற்று.

ஆகஸ்டு 1, சனி இரவு. கடற்படை இல்லத்தில் சர்ச்சில் நண்பர்களுடன் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்தார். அவர்களில் கன்சர்வேட்டிவ்காரர்களான எஃப். ஈ. ஸ்மித்தும் மாக்ஸ் ஏட்கினும் உண்டு; பகலில் எதிரிகள், இரவில் ஒரே மேசை. ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்: ரஷ்யாமீது ஜெர்மனி போர் அறிவித்துவிட்டது. சர்ச்சில் விருந்துக் கோட்டைக் கழற்றி, சாதாரணக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த சீட்டுகளை ஏட்கினிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். குதிரைக் காவலர் மைதானத்தைக் குறுக்கே கடந்தால் டவுனிங் தெரு.

ஞாயிறு காலை லிக்னோவ்ஸ்கி பிரதமர் வீட்டுக்கு வந்து, பிரான்சின் பக்கம் சேராதீர்கள் என்று கண்ணீர் விட்டு மன்றாடினார். அன்று அமைச்சரவை இருமுறை கூடியது. பெரும்பாலோருக்குப் போர் வேண்டாம். நடுவில் தயங்கியவர்கள் பலர் பீச்சம் பிரபுவின் வீட்டில் மதிய உணவுக்குக் கூடிப் பேசினார்கள். லாயிட் ஜார்ஜ் அதில் இருந்தார், இந்தியாவுக்கு நன்கு அறிமுகமான மார்லியும் இருந்தார். அந்தச் சாப்பாட்டில் ஒரு தெளிவான மறுப்பு உருவாகியிருந்தால் அரசே கவிழ்ந்திருக்கலாம். உருவாகவில்லை. ஆஸ்குவித் அன்று தம் நிலைப்பாட்டை ஆறு அம்சங்களாக வகுத்தார்: பிரான்சுக்கோ ரஷ்யாவுக்கோ நமக்குக் கடப்பாடு இல்லை, இப்போதைக்குப் படை அனுப்புவதில்லை, பிரான்சுடனான நட்பை மறக்கலாகாது, பிரான்ஸ் நசுக்கப்படுவது நமக்குக் கேடு, ஆங்கிலக் கால்வாயை ஜெர்மனி பயன்படுத்த விடக்கூடாது, பெல்ஜியத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அரசுக் கோப்பில் இருக்க வேண்டிய இந்தப் பட்டியல் நமக்கு எங்கே கிடைக்கிறது? வெனிஷியாவுக்கு எழுதிய கடிதத்தில்.

கடைசியில் மார்லி, பர்ன்ஸ் இருவரே பதவி விலகினார்கள். அமைச்சர்கள் சைமனும் பீச்சமும் விலகல் கடிதம் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆகஸ்டு 3, திங்கள், விடுமுறை நாள். காமன்ஸ் சபையின் நடுக்கூடத்தில்கூட நாற்காலி போட வேண்டியிருந்தது. கிரே ஒரு மணி நேரம் பேசினார். 1906 முதல் பிரெஞ்சுப் படைத் தலைமையோடு பிரிட்டிஷ் அதிகாரிகள் பேசிவந்ததும், 1912 நவம்பரில் பிரெஞ்சுத் தூதரோடு பரிமாறிக்கொண்ட கடிதமும் நாடாளுமன்றத்துக்கு முறையாகச் சொல்லப்பட்டது அன்றுதான். அமைச்சரவைக்கே 1911வரை முழுமையாகத் தெரியாது. கிரே நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நண்பர்கள் இருவர் மூவர் அறிந்தால் அரசு அறிந்த மாதிரி என்று அந்த வட்டம் பழகியிருந்தது. அதன் விலை மிகப் பெரிது. தொழிற்கட்சியின் ராம்சே மக்டொனால்டு எழுந்து எதிர்த்தார். இரண்டு நாளில் கட்சியின் நாடாளுமன்றத் தலைமையை விட்டார்.

பெல்ஜியம் குறித்து ஜெர்மனிக்குப் பிரிட்டன் விதித்திருந்த கெடு மறுநாள் இரவு பதினொரு மணிக்கு முடிந்தது. தவறான ஒரு தகவலை நம்பி, தவறான வாசகம் கொண்ட போர் அறிவிப்பை வெளியுறவு அலுவலகம் ஜெர்மன் தூதரகத்துக்கு அனுப்பியிருந்தது. அதை மாற்றிவரப் போனவர் இளநிலை அதிகாரி ஹெரால்டு நிக்கல்சன். அந்த அலுவலகத்தின் நிரந்தரச் செயலாளர் ஆர்தர் நிக்கல்சனின் மகன். லிக்னோவ்ஸ்கி பைஜாமாவோடு கட்டிலில் படுத்திருந்தார். முதலில் வந்த உறை பாதி திறந்தபடி மேசையில் கிடந்தது. முழுதாகப் படிக்கும் மனம் அவருக்கு இல்லை. புதிய உறைக்கு ஒப்புதல் கையெழுத்திட்டுக் கொடுத்து, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த வட்டத்தை நான் வெறுக்கவில்லை. போரின் விலையை அவர்களும் கொடுத்தார்கள். ஆஸ்குவித்தின் மூத்த மகன் ரேமண்ட் 1916இல் சொம் களத்தில் மாண்டார். கன்சர்வேட்டிவ் தலைவர் போனார் லா 1917இல் இரண்டு மகன்களை இழந்தார். அதே கட்சியின் லான்ஸ்டவுன் பிரபுவின் மகன் போர் தொடங்கிய மூன்றாம் மாதமே போனார். ஆனால் அந்த மேசையில் இடமே இல்லாமல் விலை கொடுத்தவர்களை நாம்தான் நினைக்க வேண்டும். அந்த 1914 கோடையில் ஜின்னாவும் லாலா லஜபதி ராயும் அடங்கிய காங்கிரஸ் தூதுக்குழு லண்டனில்தான் இருந்தது. இந்திய அமைச்சரின் ஆலோசனைக் குழுவில் இந்தியர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கேட்டு வந்தவர்கள். அதற்கான மசோதாவைப் பிரபுக்கள் சபை ஜூலையில் நிராகரித்தது. ஆகஸ்டில் இந்தியாவைக் கேட்காமலே இந்தியா போரில் சேர்க்கப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து அனுப்பப்பட்டார்கள். செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தன.

இன்னும் ஒரு தொடர்பைச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்குவித்தின் வட்டத்தில் எட்வின் மாண்டேகு என்ற இளைய அமைச்சர் இருந்தார். வெனிஷியா 1915 மே மாதத்தில் அவரை மணக்கப்போவதாக ஆஸ்குவித்துக்கு எழுதினாள். அதே வாரத்தில் ஆஸ்குவித்தின் லிபரல் அரசும் ஆட்டம் கண்டது. மாண்டேகு 1917இல் இந்திய அமைச்சரானார். டிசம்பரில் சென்னைக்கு வந்து நீதிக் கட்சியினரையும் ஹோம் ரூல் இயக்கத்தவரையும் சந்தித்து மனுக்கள் வாங்கினார். 1919 சீர்திருத்தமும், 1920இல் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் அமைந்த சென்னை அமைச்சரவையும் அந்தப் பயணத்தின் வழி வந்தவை. அவரும் தம் வட்டத்து வழக்கப்படி, யாரைச் சந்தித்தார், விருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார், யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்தபின் 1930இல் வெனிஷியா அதைப் பதிப்பித்து வெளியிட்டாள். அதை இங்கே கொடுக்கப்பட்ட மனுக்களோடும் அன்றைய சென்னைப் பத்திரிகைகளோடும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிக்கும் வேலையை இந்த அவையில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.